அட்லாண்டிக் கடப்புக் கப்பல் பயணம்

அட்லாண்டிக் கடப்புப் பயணம் என்பது ஐரோப்பாவுக்கும் அமெரிக்கக் கண்டத்துக்கும் இடையே அட்லாண்டிக் பெருங்கடலைக் குறுக்காகக் கடந்து செல்லும் பயணிகள் கப்பல் பயணம் ஆகும். சாதாரணச் சுற்றுலாக் கப்பலில் ஏறக்குறைய நாள்தோறும் ஒரு துறைமுகம் வரும். இப்பயணத்திலோ தொடர்ந்து ஐந்து முதல் எட்டு நாட்கள் வரை கரையே கண்ணில் படாது. எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கப்பல் ஓடிக்கொண்டே இருக்கும் அத்தகைய நாள் 'கடல் நாள்' எனப்படுகிறது. ஊர் பார்க்கப் புறப்படுபவருக்கு இது ஏமாற்றம் தரும். கடலிலேயே இருக்க விரும்புபவருக்கு இதைவிடப் பொருத்தமான பயணம் இல்லை.

வரலாறு

1838ஆம் ஆண்டில் 'கிரேட் வெஸ்டர்ன்' என்னும் நீராவிக் கப்பல் பிரிஸ்டலிலிருந்து நியூயார்க்கை 15 நாட்களில் அடைந்தது. 1840இல் கியூனார்டு நிறுவனத்தின் 'பிரித்தானியா' லிவர்பூலிலிருந்து ஹாலிபாக்சு வழியாகப் பாஸ்டனுக்குச் சென்று, குறித்த நாளில் புறப்படும் அஞ்சல் கப்பல் சேவையைத் தொடங்கி வைத்தது. அதன்பின் வேகமே பெருமை என்றாயிற்று. 1952இல் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்னும் கப்பல் கிழக்கு நோக்கிய கடப்பை 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் முடித்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, 1958இல், ஜெட் விமானங்கள் இதே வழியில் பயணிகளை ஏற்றத் தொடங்கின. கப்பல் போக்குவரத்து என்ற நிலை மாறி, கப்பல் உல்லாசம் என்ற நிலை வந்தது.

இன்றைய கப்பல்கள் வேண்டுமென்றே மெதுவாகச் செல்கின்றன. 2004இல் சேவைக்கு வந்த 'குயின் மேரி 2' சுமார் 30 நாட் வேகத்தில் ஓடக்கூடியது (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ.). ஆயினும் சவுத்தாம்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடைப்பட்ட தொலைவைத் தொடக்கத்தில் 6 இரவுகளில் கடந்த அக்கப்பல், இப்போது பெரும்பாலும் 7 இரவுகள் எடுத்துக்கொள்கிறது. எரிபொருள் மிச்சமாகிறது என்பது ஒரு காரணம். அவசரப்படுபவர் எவரும் கப்பலில் ஏறுவதில்லை என்பதும் உண்மையே.

இருவகைப் பயணங்கள்

முதல் வகை, மேலே சொன்ன குயின் மேரி 2 போன்ற கடலோடிக் கப்பலின் வழக்கமான சேவை. 345 மீட்டர் நீளமுள்ள இக்கப்பல் வட அட்லாண்டிக் அலைகளுக்கென்றே தடித்த உடற்கட்டும் நீண்ட முன்முனையும் கொண்டு கட்டப்பட்டது. இதில் பெரிய நூலகமும் கோளரங்கமும் உண்டு. நாய், பூனைகளைக் கொண்டுசெல்வதற்கான கூடங்களும் உண்டு. அவற்றுக்கு இடம் கிடைக்க நெடுநாள் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது வகை, இடமாற்றப் பயணம். கோடையில் மத்தியதரைக் கடலிலும் வட ஐரோப்பாவிலும் ஓடும் சுற்றுலாக் கப்பல்கள் குளிர்காலத்தில் கரீபியன் கடலுக்குப் போய்விடுகின்றன. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் அவை கிழக்கு நோக்கியும், அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேற்கு நோக்கியும் பெருங்கடலைக் கடக்க வேண்டியுள்ளது. வெறுங்கப்பலாகப் போவதற்குப் பதில் பயணிகளை ஏற்றிக்கொள்கிறார்கள். ஆகவே நாளொன்றுக்கான கட்டணம் மற்றப் பயணங்களைவிடக் குறைவாக இருப்பது வழக்கம். புளோரிடாவிலிருந்து பார்சிலோனா போன்ற துறைமுகத்துக்கு 12 முதல் 16 நாட்கள் ஆகும். இடையில் பெர்முடா, அசோர்சுத் தீவுகளின் பொன்டா டெல்கடா, மதீராவின் புஞ்சால், கேனரித் தீவுகள், காடிஸ், லிஸ்பன் ஆகியவற்றுள் ஓரிரு இடங்களில் கப்பல் நிற்கும். வானிலை மோசமானால் அந்த ஓரிரு நிறுத்தங்களும் கைவிடப்படலாம். அசோர்சைக் காண்பதற்காகவே இப்பயணத்தைத் தேர்ந்தெடுப்பது ஆகாது.

25 மணி நேர நாள்

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. எனவே 15 பாகைத் தீர்க்கக்கோட்டுக்கு ஒரு மணி நேர வேறுபாடு என்பது பள்ளிப் பாடம். 40ஆம் வட அட்சக்கோட்டில் 15 பாகை என்பது சுமார் 1280 கி.மீ. 20 நாட் வேகத்தில் செல்லும் கப்பல் ஒரு நாளில் ஏறக்குறைய 890 கி.மீ. கடக்கும். ஆகவே ஒன்றரை நாளுக்கு ஒருமுறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றியாக வேண்டும்.

மேற்கு நோக்கிப் போகையில் கடிகாரம் பின்னால் தள்ளப்படுகிறது; அந்நாளுக்கு 25 மணி நேரம். பயணிகள் கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்கி எழலாம். கிழக்கு நோக்கிப் போகையில் இது தலைகீழாகிறது. ஒரு வாரத்தில் ஐந்தாறு முறை ஒவ்வொரு மணி நேரமாக இழக்கும்போது முதியவர்களுக்குத் தூக்கம் கெடுகிறது. இதைத் தவிர்க்கச் சில கப்பல்களில் கிழக்குப் பயணத்தின்போது நள்ளிரவுக்குப் பதில் நண்பகலில் கடிகாரத்தை முன்னே தள்ளுகிறார்கள். அன்று 12 மணி அடித்ததும் மணி 1 ஆகிவிடும். முதன்முறை செல்பவர் எந்தத் திசையைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், மேற்கு நோக்கியே என்பது பெரும்பாலோர் விடை. இன்சுலின் போன்று நேரம் தவறாமல் எடுத்துக்கொள்ளும் மருந்து உடையவர்கள் இந்த நேர மாற்றத்தைப் பற்றிப் புறப்படுமுன் தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கைப்பேசி இங்கே தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும் என்று நம்பக்கூடாது. அறையில் வைக்கப்படும் நாளறிக்கைத் தாளைப் பார்த்துக் கையால் மாற்றுவதே பாதுகாப்பு.

கடலின் நிலை

பாதையைப் பொறுத்துக் கடலின் குணம் மாறுகிறது. தெற்குப் பாதையில் வடகிழக்கு வியாபாரக் காற்று வீசுகிறது. 1492இல் கொலம்பசு கேனரித் தீவுகளிலிருந்து மேற்கே சென்றது இக்காற்றை நம்பித்தான். 1493இல் திரும்பும்போது வடக்கே ஏறி, மேலைக் காற்றின் உதவியோடு அசோர்சு வழியாக வந்தார். இன்றும் இலையுதிர் காலத்தில் கேனரித் தீவுகள் வழியாக மேற்கே செல்லும் கப்பலில் நாளுக்கு நாள் வெப்பம் கூடி, பறக்கும் மீன்களும் சர்காசோப் பாசித் திட்டுகளும் காணக் கிடைக்கும். அசோர்சை நெருங்கினால் ஓங்கில்களையும், நல்வாய்ப்பு இருந்தால் திமிங்கிலங்களையும் பார்க்கலாம்.

வடக்குப் பாதை வேறு மாதிரியானது. நியூபவுண்ட்லாந்துக்குத் தென்கிழக்கே வளைகுடா நீரோட்டத்தின் வெப்ப நீரும் லாப்ரடார் நீரோட்டத்தின் குளிர் நீரும் சந்திக்கும் இடத்தில் அடர்ந்த மூடுபனி உண்டாகிறது. அப்போது பன்னாட்டு விதிப்படி இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் கப்பல் ஒரு நீண்ட ஊதல் ஒலி எழுப்ப வேண்டும். இரவு முழுவதும் அது கேட்டுக்கொண்டே இருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. டைட்டானிக் மூழ்கியதும் இந்தப் பகுதியில்தான். அதன் சிதைவு சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அவ்விபத்தின் விளைவாக 1914இல் அமைக்கப்பட்ட பன்னாட்டுப் பனிக்கண்காணிப்பு, பனிப்பாறைகள் தென்படும் பருவத்தில் இன்றளவும் எச்சரிக்கை தருகிறது. கப்பல்கள் அதற்கேற்பத் தெற்கே விலகிச் செல்கின்றன.

கப்பலின் ஆட்டம் இருவகை. பக்கவாட்டில் சாய்ந்து ஆடுவதை, நீருக்கடியில் இறக்கைபோல் நீளும் நிலைநிறுத்திகள் பெருமளவு குறைக்கின்றன. முன்முனை ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு அவற்றால் பயனில்லை. சிறுவர் ஏறும் ஏற்றப்பலகையின் நடுவில் அமர்ந்தவர் அதிகம் அசைவதில்லை. அதே விதிப்படி, கப்பலின் நீளத்தில் நடுப்பகுதியிலும் கீழ்த்தளத்திலும் உள்ள அறையே ஆட்டம் குறைந்தது. உயரத்தில் முன்பக்கம் அமைந்த விலை கூடிய அறையை எடுத்துவிட்டுப் படுக்கையைப் பிடித்துக்கொண்டு கிடப்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. தலைசுற்றல் மாத்திரையை வாந்தி வந்தபின் அன்றி, அதற்கு முன்பே எடுத்தால்தான் பலிக்கும். இஞ்சியும் சிலருக்கு உதவுகிறது. வெறும் வயிறு ஆட்டத்தைத் தாங்காது. காய்ந்த ரொட்டி போன்று எளிதான எதையாவது உண்பது நல்லது. மின்தூக்கி அருகே காகிதப் பைகள் செருகப்பட்டு, நீச்சல் குளத்தில் நீர் வடிக்கப்பட்டு, வெளித்தளக் கதவுகள் கட்டப்பட்டால் கடல் கொந்தளிக்கப் போகிறது என்று பொருள். அந்நேரத்தில் படிகளில் கைப்பிடியை விடக்கூடாது. கடல் கொந்தளிப்பில் கீழே விழுந்து எலும்பு முறிவதே வாந்தியைவிடப் பெரிய ஆபத்து.

நாளைக் கழிப்பது

முதல் இரண்டு நாட்கள் எல்லோருக்கும் பிடிக்கும். மூன்றாம் நாள் தான் சோதனை. நாற்புறமும் ஒரே வட்டம். கப்பல் நகர்வதே தெரியாது. நண்பகலில் கப்பல் தலைவர் ஒலிபெருக்கியில் அட்ச, தீர்க்கக்கோடுகளையும் கடலின் ஆழத்தையும் காற்றின் வேகத்தையும் அறிவிப்பது அன்றைய பெரிய நிகழ்ச்சியாகிவிடும். ஒரு நிலப்படமும் பென்சிலும் வைத்துக்கொண்டு அந்த எண்களை நாள்தோறும் குறித்து வருபவர்களுக்குப் பொழுது போவதோடு புவியியலும் தெளிவாகும்.

இடமாற்றப் பயணங்களில் ஓய்வுபெற்றவர்களே மிகுதி. பள்ளி நடக்கும் மாதங்கள் ஆதலால் குழந்தைகள் குறைவு. சொற்பொழிவுகள், சீட்டாட்டம், நடன வகுப்பு, பயணிகளே சேர்ந்து பாடும் பாடற்குழு, மாலைத் தேநீர் எனக் கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்யும். ஒரே மேசையில் நாள்தோறும் உண்பதால் நட்பு எளிதில் கூடும். தனியாகச் செல்பவர்கள் பகிர்வு மேசையைக் கேட்டு வாங்குவது நல்லது. இருவருக்கான அறையில் ஒருவர் தங்கினால் ஏறத்தாழ இருவர் கட்டணமே கேட்கப்படும் என்பதையும் அவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

நடுக்கடலில் கரையோரக் கைப்பேசிக் கோபுரங்கள் எட்டா. கப்பலின் சொந்தக் கைப்பேசி வலையமைப்பு மிகுந்த செலவு வைக்கும். கைப்பேசியை விமானப் பயண நிலையில் வைத்துவிட்டு, தேவையானால் செயற்கைக்கோள் வழி இணையத்தை விலைக்கு வாங்கலாம். வீட்டில் இருப்பவர்களிடம் சில நாட்கள் செய்தி வராமற் போகலாம் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் வீண் பதற்றம் இராது.

மருத்துவம்

இப்பயணத்தில் மிகக் கவனமாக எண்ணிப் பார்க்க வேண்டிய பகுதி இதுவே. கப்பலில் மருத்துவரும் செவிலியரும் சிறு மருத்துவமனையும் உண்டு. இதயத்துடிப்பு வரைவு, எக்ஸ்-கதிர்ப் படம், அடிப்படை இரத்தப் பரிசோதனை ஆகியவை செய்ய இயலும். பெரிய அறுவைச் சிகிச்சைக்கு இடமில்லை. கரையோரமாக ஓடும் கப்பலிலிருந்து நோயாளியை உலங்கு வானூர்தி தூக்கிச் செல்ல முடியும். பெருங்கடலின் நடுவே அதன் பறப்பு எல்லை எட்டாது. போர்ச்சுகல் கரையிலிருந்து அசோர்சுத் தீவுகளே சுமார் 1,400 கி.மீ. தொலைவில் உள்ளன. கப்பல் திசை திரும்பி அருகிலுள்ள தீவை அடைய ஒன்றிரண்டு நாட்கள் ஆகலாம். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், சிறுநீரகச் சுத்திகரிப்பு தேவைப்படுபவர்கள், உயிர்வளி உருளையைச் சார்ந்திருப்பவர்கள் மருத்துவரின் ஒப்புதலும் கப்பல் நிறுவனத்தின் முன் அனுமதியும் இன்றிப் பணம் கட்டக்கூடாது. பெரும்பாலான நிறுவனங்கள் 24 வாரம் கடந்த கருவுற்ற பெண்களை ஏற்பதில்லை.

கப்பல் மருத்துவரின் கட்டணம் பயணியின் அறைக் கணக்கில் ஏறும். அது சிறிய தொகையன்று. அவசரமாகக் கரைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு இன்றியமையாதது. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ வந்திருக்கும் பெற்றோர் இக்கப்பல்களில் செல்லும்போது, ஏற்கெனவே எடுத்த காப்பீடு நடுக்கடலுக்கும் செல்லுமா, பழைய நோய்களுக்கும் பொருந்துமா என்று எழுத்து வடிவில் கேட்டுப் பெற வேண்டும். மருந்துகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையில், பயண நாட்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வைத்திருக்க வேண்டும். நோரோ தீநுண்மியால் வரும் வயிற்றுப்போக்கு கப்பலில் விரைவாகப் பரவும். அதற்குக் கைத்தெளிப்பானைவிடச் சோப்பும் நீருமே மேல்.

ஆயத்தம்

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு ஏறும் நாடு, இறங்கும் நாடு இரண்டின் விசாவும் தேவை. அசோர்சு, மதீரா, கேனரித் தீவுகள் ஆகியன செங்கன் எல்லைக்குள் அடங்கும். ஐக்கிய இராச்சியத்துக்குத் தனி விசா. விசா இல்லாதவரைக் கப்பலில் ஏறும் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள், கட்டணமும் திரும்பாது. கப்பல் ஒருவழிதான் என்பதால் திரும்பும் விமானச் சீட்டின் செலவு சேரும். பணியாளர்களுக்கான அன்பளிப்புத் தொகையாக ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 15 முதல் 20 டாலர் பல நிறுவனங்களில் தானாகவே கணக்கில் ஏற்றப்படுகிறது. மலிவான கட்டணத்தைக் கண்டு முடிவெடுப்பவர்கள் இவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கப்பல் சேரும் அன்றே விமானத்தைப் பதிவு செய்யாமல் ஒரு நாள் இடைவெளி விடுவது அறிவுடைமை.

உடையில், ஒரே பயணத்தில் வெயிலும் குளிர்காற்றும் வரும் என்பதால் காற்றுப் புகாத மேலுடை ஒன்று வேண்டும். வழுக்காத காலணி அதைவிட முதன்மை. சைவ உணவு எல்லாக் கப்பல்களிலும் கிடைக்கும். இந்திய முறைச் சமையல் வேண்டுவோர் பதிவு செய்யும்போதே தெரிவித்து, ஏறிய முதல் மாலையில் உணவுக்கூடப் பொறுப்பாளரிடம் மறுபடி நினைவூட்ட வேண்டும். சமையற்கூடங்களில் இந்தியர்கள் பலர் பணிபுரிவதால் கேட்டால் பருப்பும் சோறும் கிடைப்பது அரிதன்று. மின்சார அரிசிக் குக்கர், வெந்நீர்க் கம்பி, சலவைப் பெட்டி ஆகியவற்றைத் தீ விபத்து அச்சத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு பயண முடிவில்தான் திருப்பித் தருவார்கள். முத்திரையிட்ட ஊறுகாய்ப் புட்டிக்குப் பொதுவாகத் தடையில்லை. கப்பலில் எடுத்த பழத்தையோ இறைச்சியையோ அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கினால் சுங்கத்தில் தண்டம் கட்ட நேரிடும்.

ஏறியவுடன் நடைபெறும் உயிர்காப்புப் பயிற்சியில் அனைவரும் பங்கேற்பது பன்னாட்டு விதிப்படி கட்டாயம். தமது கூடுமிடம் எந்தத் தளத்தில் உள்ளது என்பதை, மின்தூக்கியைப் பயன்படுத்தாமல் அறையிலிருந்து ஒருமுறை படியில் நடந்துபோய்ப் பார்த்துக்கொள்வது வயதானவர்களுக்கு மிகவும் உதவும்.