புகையைப் பார்த்து இன்ஜினைத் தூக்கிவிடாதீர்கள்

பேச்சிப்பாறை அணையைத் தாண்டிக் கோதையாறு பக்கம் மலையேறும் ஜீப்புகளுக்கு ஓய்வு கிடையாது. ரப்பர் ஷீட், அரிசி மூட்டை, காய்ச்சலில் துவண்ட பிள்ளை, எல்லாம் அதில்தான் போய்வந்தாக வேண்டும். பலவும் பழைய மகிந்திரா வண்டிகள். சிலவற்றில் இன்னும் பெஜோ வடிவமைப்பு டீசல் இன்ஜின்தான். அப்படியொரு வண்டி ஒருநாள் ஏற்றத்தில் முனகும், புகை தள்ளும். "வண்டி இழுக்கல்ல" என்று பட்டறைக்குப் போனால், ஒருவர் "இன்ஜினை மாத்தும்" என்பார். இன்னொருவர் "ரிங் போட்டா போதும்" என்பார். அளந்து பார்க்காமல் சொன்னால் இரண்டுமே வெறும் ஊகம்தான்.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கொடுக்கப் பிளக் இல்லை. சிலிண்டருக்குள் காற்றைச் சுமார் இருபதில் ஒரு பங்காக அமுக்கும்போது எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இந்த வகை இன்ஜினை ஓட்டிக் காட்டியது 1897இல். அந்த அமுக்கம் கசிந்தால் மற்றதெல்லாம் வீண்.

புகையை மட்டும் நம்பக் கூடாது. கறுப்புப் புகை பெரும்பாலும் ஏர் ஃபில்டர், நாசில், பம்ப் கோளாறு. குளிர்ந்த காலையில் கொஞ்சநேரம் வரும் வெள்ளைப் புகைக்குப் பயப்பட வேண்டாம். இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அதற்கும் வால்வு சீல் மட்டுமே காரணமாக இருக்கலாம்.

உண்மையான சாட்சி ஆயில் ஊற்றும் வாயில் இருக்கிறது. இன்ஜின் சூடாகி நிதானமாக ஓடும்போது மூடியைத் திருகி எடுத்து, தலைகீழாக அதே வாயில் வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. புகை குபுகுபுவென்று வந்து மூடியைத் தூக்கி எறிந்தால் பிஸ்டனைத் தாண்டி அமுக்கம் கீழே இறங்குகிறது; பட்டறைக்காரர் 'பேக் கம்ப்ரஷன்' என்பது இதைத்தான். அடுத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் அமுக்கம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் வால்வோ கேஸ்கட்டோ காரணமாகலாம். நான்கும் குறைந்தால் பெரும்பாலும் உள்தேய்மானம்.

ஹெட்டைக் கழற்றியதும் நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். சிலிண்டரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை ஓட்டிப் பாருங்கள். படிபோல நகம் தட்டினால், ரிங் உரசிய இடமெல்லாம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்காக பிளாக் செத்துவிடவில்லை. போர் போட்டு 0.25, 0.50 என்று 1.00 மில்லிமீட்டர் வரை பெரிய பிஸ்டன் போடலாம். அதுவும் தீர்ந்தால் ஸ்லீவ் இறக்கலாம். கிராங்க் ஷாஃப்டையும் இப்படியே படிப்படியாகக் கிரைண்டிங் செய்யலாம்.

இன்ஜினை மாற்றியே ஆக வேண்டிய நிலை வேறு. கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைக் குத்திக் கிழித்தது, சூடேறி பிளாக் விரிசல் விட்டது, கிராங்க் கடைசி அளவையும் தாண்டியது; அல்லது போர், கிராங்க், ஹெட், பம்ப் நான்கும் ஒன்றாக விழுந்து, கணக்குப் போட்டால் நல்ல இன்ஜின் விலையை நெருங்குவது. அங்கே ரிப்பேர் பார்ப்பது பணத்தைக் கோதையாற்றில் விடுவதுதான். ஆனால் சேஸிஸ் மழையில் துருப்பிடித்து அரித்துப்போன வண்டிக்கு இன்ஜினே வாங்காதீர்கள்.

பழைய இன்ஜின் வாங்கினால் பில்லும் இன்ஜின் எண்ணும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி, மாற்றிய 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள்: நான்கு சிலிண்டர் அளவையும் கிராங்க் அளவையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.