உங்களுக்குத் தெரியுமா? குறட்டைக்கும் விபத்துக்கும் தொடர்பு உண்டு
2013 டிசம்பர் 1, காலை. நியூயார்க் நகரில், 48 கி.மீ. வேகத்தில் கடக்க வேண்டிய வளைவில் பயணிகள் ரயில் ஒன்று 132 கி.மீ. வேகத்தில் பாய்ந்து தடம்புரண்டது. நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டுநர் குடித்திருக்கவில்லை, கண்ணயர்ந்துவிட்டார். பணிநேரம் சமீபத்தில் மாறியிருந்தது. அதோடு, கடுமையான ஸ்லீப் ஆப்னியாவும் இருந்தது. அது விபத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது.

இந்நோயில் தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு வழி அடைபடும். ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 விநாடி. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைய, மூளை உடலை உலுக்கி எழுப்பும். முற்றிய நிலையில் மணிக்கு 30 தடவைக்குக் குறையாமல் இப்படி நடக்கும். காலையில் எதுவுமே நினைவிருக்காது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும்: பெருங்குறட்டை, திடீரென்று ஒரு நிசப்தம், பிறகு திணறலோடு ஒரு மூச்சு.

எட்டு மணி நேரம் படுத்தும் தூங்கினதாகாது. மறுநாள் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது 3 விநாடி கண் செருகினால் போதும், வண்டி 65 மீட்டர் தாண்டியிருக்கும். டீ குடித்துச் சமாளிக்கிற விஷயம் அல்ல இது. இரவில் மூச்சு வழியைத் திறந்து வைக்கும் சிபாப் (CPAP) கருவி மாட்டித் தூங்கினால் பகல் தூக்கம் வெகுவாகக் குறையும். வீட்டில் லாரி, பஸ், கார் ஓட்டுகிறவர் இப்படிக் குறட்டை விட்டால் நுரையீரல் மருத்துவரிடம் கட்டாயம் அழைத்துப் போங்கள்.