மெட்டி இறுகினால் நெஞ்சைக் கவனியுங்கள்

பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் எங்கள் அமுச்சிக்கு முதலில் இறுகியது கால் மெட்டி. "வயசானா காலு வீங்கத்தான் செய்யும் கண்ணு" என்று விட்டுவிட்டார். அடுத்த வாரமே ஒரு தலையணை மூன்றானது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு இறக்கிய நீர் நான்கு லிட்டருக்கு மேல்.

பம்பு தளர்ந்தால்

கோயமுத்தூர்க்காரருக்குப் பம்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவது அல்ல. வரும் ரத்தத்தை வந்த வேகத்தில் தள்ள முடியாமல் திணறுவது. இடப்பக்கம் தளர்ந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். வலப்பக்கம் தளர்ந்தால் காலிலும் வயிற்றிலும். சிறுநீரகமோ ரத்தம் குறைந்துவிட்டதாகத் தப்புக்கணக்குப் போட்டு, உப்பையும் நீரையும் இன்னும் பிடித்து வைக்கும். கிழவர்களின் நோய் என்றும் ஒதுக்க முடியாது. 2013இல் திருவனந்தபுரத்தில் 1,205 நோயாளிகளைப் பதிவு செய்தபோது சராசரி வயது 61தான்.

காபிக்கு முன் எடை

ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. காலையில் சிறுநீர் கழித்ததும், காபிக்கு முன், அதே மாதிரி உடையில் எடை மெஷினில் நின்று நோட்டில் எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்ட வேண்டாம். முன்னங்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பிசைந்த ராகி மாவில் விரல் பதிந்தது போலக் குழி நின்றால் நீர் கோத்திருக்கிறது.

எடையை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. சதை கரைந்துகொண்டே நீர் ஏறினால் எடை அசையாது.

கொப்பரையும் நுரையீரலும்

காங்கேயத்தில் கொப்பரை வாங்குபவர்கள் ஈரமானியை வைத்து ஈரம் பார்ப்பார்கள். ஈரம் கூடினால் மின்சாரம் சுலபமாகப் பாயும் என்பதே பல ஈரமானிகளின் சூத்திரம். உடம்பில் உணர முடியாத அளவு மின்சாரத்தை அனுப்பி நீரை அளக்கும் கருவிகளும் அதே வழியில்தான் வேலை செய்கின்றன. மார்பில் உடுப்பு போல மாட்டும் இன்னொரு கருவி ரேடியோ அலையால் அளக்கிறது. நுரையீரலில் நீர் 20 முதல் 35 சதவீதம் வரை இருந்தால் சரி. அதற்கு மேலே போனால் எச்சரிக்கை. எனக்குப் பிடித்தது சட்டைப்பையில் அடங்கும் அல்ட்ராசவுண்ட். நீர் கோத்த நுரையீரலில் வால் நட்சத்திரம் போல வெள்ளைக் கீற்றுகள் இறங்கும். எதற்கும் ஊசி, குழாய் தேவையில்லை.

அளந்ததை யார் பார்ப்பது?

2010இல் முடிவு வெளியான அமெரிக்கச் சோதனையில், 1,653 பேரில் பாதிப் பேர் தினமும் தங்கள் எடையைத் தானியங்கித் தொலைபேசியில் பதிந்தார்கள்; பலன் தெரியவில்லை. 2018இல் முடிவு வெளியான, ஜெர்மனியில் 1,571 பேரிடம் நடந்த சோதனையில், மறுமுனையில் இரவும் பகலும் மருத்துவர்கள் இருந்தார்கள்; இறப்பு குறைந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் பிரஷரும் சுகரும் பார்க்க நம் வாசலுக்கே வருகிறது. வருகிறவர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, காலையும் ஒருமுறை அழுத்திப் பார்த்தால் நல்லது.

அமுச்சியின் நோட்டில் ஒரே ஒரு நாள் எடை எகிறியிருக்கிறது. முந்தின இரண்டு நாளும் கல்யாணம். பஸ்ஸில் அவசரம் வருமென்று நீர் மாத்திரையை விட்டுவிட்டார், பந்தியில் ஊறுகாயை விடவில்லை. டாக்டர் திட்டவில்லை. பயண நாளில் மாத்திரையை எந்நேரத்துக்குத் தள்ளலாம் என்று எழுதித் தந்தார். கூடவே, அவர் சாப்பிடும் மாத்திரைகளோடு பொட்டாசியம் ஏறும் என்று இளநீரையும் நிறுத்தச் சொன்னார். தென்னந்தோப்புக்காரிக்கு அப்போதுதான் முகம் சுண்டியது.