முதல் குண்டின் பொறுப்பு

1907-ஆம் ஆண்டில், குமாயூன் மலைநாட்டின் சம்பாவத் என்னுமிடத்தில் ஜிம் கார்பெட் ஒரு பெண்புலியைச் சுட்டு வீழ்த்தினார். அது 436 பேரைக் கொன்றது என்று அவர் எழுதியுள்ளார். மொகாமா கங்கைத் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ரயில்வே சரக்கு மாற்றும் ஒப்பந்தக்காரராக உழைத்தவர் அவர் என்பது நம் ரயில்வே அன்பர்களுக்குச் சுவையான செய்தி.

இறந்த புலியின் வாயில், வலப்புற மேற்கோரைப்பல் பாதியாகவும் கீழ்க்கோரைப்பல் எலும்பு வரையிலும் உடைந்திருக்கக் கண்டார். முன்னர் எவரோ சுட்ட காயத்தின் விளைவு அது. இயற்கையான இரையைக் கொல்ல இயலாமற்போனதாலேயே அது மனிதரை நாடியது என்று அவர் முடிவு செய்தார். குறி தவறிச் சுட்டவன் ஒருவன். உயிரைக் கொடுத்தவர்களோ புல்லும் விறகும் சேர்க்கச் சென்ற ஏழை மலைவாசிகள்.

ஆகவேதான், வேட்டை நெறி அறிந்தோர் முதல் குண்டையே பெரிதாக மதிப்பர். பயிற்சித் திடலில் சுடச்சுடக் குழல் சூடேறும், உலோகம் விரியும், குண்டு படும் இடமும் சற்றே நகரக்கூடும். துடைத்து எண்ணெயிட்ட குழலின் முதல் குண்டு, பின்வருவனவற்றினின்று விலகிப் படுவதும் உண்டு. காட்டிலோ குழல் குளிர்ந்தே இருக்கும். சோதித்துப் பார்க்க இரண்டாவது குண்டுக்கு இடமில்லை.

இதற்கான பயிற்சி எளிது, பொறுமைதான் வேண்டும். திடலை அடைந்ததும் குளிர்ந்த குழலால் ஒரே ஒரு குண்டு சுட வேண்டும். அது பட்ட இடம், தொலைவு, காற்று, வெப்பநிலை ஆகியவற்றை நோட்டில் குறிக்க வேண்டும். பல நாட்கள் இவ்வாறு குறித்த பிறகே ஒருவனது உண்மையான திறமை புலப்படும். பின்னர்ச் சுட்ட பத்துக் குண்டுகள் ஒரே இடத்தில் பட்டன என்னும் பெருமை இங்கே செல்லாது.

தொலைவுக்கும் வரம்பு உண்டு. சாதாரண வேட்டை ரைபிளின் குண்டு 300 மீட்டர் செல்ல ஏறக்குறைய அரை விநாடி ஆகும். அதற்குள் விலங்கு ஓரடி எடுத்து வைத்தால், இதயத்துக்கு வைத்த குறி வயிற்றில் பாயும். குளிர்ந்த குழலால் தவறாது சுடக்கூடிய தொலைவுக்கு அப்பால் விசையைத் தொடாதிருப்பதே அறம். காயம்பட்ட விலங்கைத் தேடிச் சென்று அதன் வேதனையை முடிப்பதும் சுட்டவனது கடமையே.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைக் கூடத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதியின்றிக் கொல்லலாகாது. நம் பிள்ளைகள் துப்பாக்கி பழகினால் அது காகித இலக்கை நோக்கியே இருக்கும். ஆயினும் முதல் குண்டைத் தனியே குறித்து வைக்கும் வழக்கத்தை அங்கும் அவர்களுக்குக் கற்பிப்போமாக. தன் திறமையின் எல்லையை அறிந்தவன் கையில்தான் ஆயுதம் இருக்கத் தகும்.