பின்லாந்தின் இயற்கைசார் கண்ணாடி வடிவமைப்பு

பின்லாந்தின் இயற்கைசார் கண்ணாடி வடிவமைப்பு என்பது 1930கள் முதல் 1970கள் வரை அந்நாட்டில் வளர்ந்த ஒரு கலைப் பாணியாகும். பூச்சாடி, குவளை, தட்டு போன்ற அன்றாடப் பொருட்களில் நீரலை, பனிக்கட்டி, காளான், மரப்பட்டை, பனித்துளி ஆகியவற்றின் சாயலை இப்பாணியில் காணலாம். இச்சாயல் பல பொருட்களில் பின்னர் வரைந்து சேர்க்கப்பட்டதன்று. உருகிய கண்ணாடி அச்சைத் தொடும்போதே உண்டானது.

பின்னணி

நூட்டாயார்வி கண்ணாடித் தொழிற்சாலை 1793 இலும் ஈத்தாலா தொழிற்சாலை 1881 இலும் தொடங்கப்பட்டன. காடு நிறைந்த நாட்டில் உலைக்கு விறகாக இருந்த மரமே அச்சு செய்யவும் பயன்பட்டது. மர அச்சை நீரில் ஊறவைத்து, அதனுள் சூடான கண்ணாடியை ஊதுவர். ஒவ்வொரு முறையும் அச்சின் உட்புறம் சிறிது கருகும்.

முக்கிய படைப்புகள்

ஐனோ ஆல்ட்டோ 1932 இல் வடிவமைத்த குவளைகளில், குளத்தில் கல்லெறிந்தால் விரியும் வளையங்கள் போன்ற வரிகள் உள்ளன. அவருடைய கணவர் ஆல்வர் ஆல்ட்டோ 1936 இல் வடிவமைத்த நெளிவான பூச்சாடி, 1937 பாரிசு உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதன் வளைவுகளைப் பின்லாந்தின் ஏரிக்கரைகளோடு ஒப்பிடுவது வழக்கம். ஆனால், போட்டிக்கு அனுப்பியபோது அவர் அதற்கு இட்ட பெயர் 'எசுக்கிமோ பெண்ணின் தோல் காற்சட்டை' என்பதாகும்.

தாப்பியோ விர்க்கலாவின் 'கந்தரெல்லி' (1946) காளான் வடிவப் பூச்சாடி. காளானின் அடிப்புற மடிப்புகளைப் போன்ற மெல்லிய கோடுகள் இதில் கண்ணாடி உருவான பின் செதுக்கப்பட்டன. மாறாக, லாப்லாந்தில் உருகும் பனிக்கட்டியை நினைவூட்டும் அவரது 'உல்திமா தூலே' (1968) குவளைகளில் மேற்பரப்பு அச்சிலிருந்தே வருகிறது.

தீமோ சார்பனேவா 'பின்லாந்தியா' (1964) வரிசையில் கருகிய மர அச்சுகளைப் பயன்படுத்தினார். கரியின் வெடிப்புகள் கண்ணாடியில் மரப்பட்டைபோல் பதிந்தன. அச்சு எரிந்துகொண்டே வந்ததால் ஒன்றுபோல் மற்றொன்று அமையவில்லை.

ஓய்வா தொய்க்காவின் 'காஸ்தெஹெல்மி' (1964) அழுத்தி வார்க்கப்பட்ட கண்ணாடி. இப்பெயருக்குப் பனித்துளி என்று பொருள். அச்சின் இணைப்புகள் விட்ட தழும்புகளை மறைப்பதற்காகவே துளி வரிசைகள் அமைக்கப்பட்டன. குறையை மறைக்கச் செய்த வழியே அதன் அழகாயிற்று.

பிற்காலம்

மர அச்சு விரைவில் தேய்ந்துவிடும் என்பதால், தொடர் உற்பத்திக்கு இரும்பு அச்சுகள் வந்தன. அவை நெடுநாள் உழைக்கும். ஒரே அளவில் பல பொருட்களைத் தரும். ஆயினும் மர அச்சு தரும் மெல்லிய மேடுபள்ளங்கள் அவற்றில் கிடைப்பதில்லை. பழைய பொருட்களைச் சேகரிப்போர் இவ்வேறுபாட்டைக் கவனித்துப் பார்ப்பதுண்டு. நூட்டாயார்வி தொழிற்சாலை 2014 இல் மூடப்பட்டது. ஆல்ட்டோ பூச்சாடி, உல்திமா தூலே, காஸ்தெஹெல்மி ஆகியவை ஈத்தாலா நிறுவனத்தின் பெயரில் தொடர்ந்து விற்பனையாகின்றன.