பருப்பு ஏன் வேகவில்லை?



எங்கள் வீட்டில் துவரம் பருப்பால் மூன்று மாதம் சண்டை. கடற்கரைப் பக்கம் வீடு மாறி வந்த நாளிலிருந்து சாம்பாரில் பருப்பு தனித்தனியாக மிதக்கும். "அடுப்புல கவனம் இருந்தாத்தானே வேகும்" என்று அப்பாயி அம்மாவைத்தான் சொல்வார்கள். அம்மா பதிலே பேச மாட்டார்கள். கடையை மாற்றிப் பார்த்தோம், அப்பவும் அதே கதை. எனக்கு மனசு கேட்கவில்லை. அறிவியல் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். "முதல்ல தண்ணியப் பாரு" என்றார்கள்.

செங்கல்லுக்கு நடுவில் சாந்து வைப்பது போல, விதையிலும் வேரிலும் ஒரு செல்லைப் பக்கத்துச் செல்லோடு ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. செல்சுவருக்குள்ளும் அது உண்டு. 1825-இல் இதைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தவர் பிராகோனோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர். (அப்போது நம் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர் கையில்தான்!) ஜாம் உறைவது பெக்டினால்தான். கல் மாதிரி இருந்த மாங்காய், மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து இறைக்கும்போது கொழகொழவென்று நம் கையில் விழுகிறதே, அது பழுக்கையில் பெக்டின் கரைந்துபோவதால்.

பருப்பு வேகும்போதும் அதே வேலைதான் நடக்கிறது. சூட்டில் பெக்டின் கரையும், செல்கள் விட்டுப் பிரியும், பருப்பு மசியும். ஆனால் பாடத்தில் படித்த கடின நீரில் கால்சியம் இருக்கிறது. அது இரண்டு பெக்டின் இழைகளுக்கு நடுவில் கொக்கி போல மாட்டிக்கொள்கிறது. அப்புறம் கொதிக்க வைத்தாலும் லேசில் கரையாது. எங்கள் அடிபம்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்!

ஐப்பசி மழையில் ஒரு குண்டான் தண்ணீர் பிடித்தேன். இரண்டு சட்டி, இரண்டிலும் ஒரே அளவு பருப்பு. ஒன்றில் மழைத்தண்ணீர், ஒன்றில் பம்புத்தண்ணீர். அப்பாயியைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் மழைத்தண்ணீர்ப் பருப்பு கரண்டி பட்டதும் மசிந்தது. பம்புத்தண்ணீர்ப் பருப்பு பல்லில் நறுக்கென்றது. அப்பாயி இரண்டையும் மாற்றி மாற்றி வாயில் போட்டுப் பார்த்தார்கள்.

ஆப்ப சோடா போட்டால் சீக்கிரம் வேகும், பெக்டின் சீக்கிரம் உடையும். ஆனால் பருப்பில் உள்ள பி1 வைட்டமின் கெட்டுவிடும். புளி இதற்கு நேர் எதிர். புளிப்பில் பெக்டின் மெதுவாகத்தான் கரையும். முள்ளங்கி வேராயிற்றே, அதிலும் இதே பசைதான். "காய் வெந்த பிறகு புளிய ஊத்து" என்று அப்பாயி சொல்வதற்குக் காரணம் இதுதான். அது அவர்களுக்கே தெரியாது!

அப்பாயி அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில், "இந்தத் தண்ணியில பருப்பு போடாதம்மா, நல்ல தண்ணி வரட்டும்" என்றார்கள், அவ்வளவுதான். இப்போது பருப்புக்கு மட்டும் தனியாக ஒரு குடம் வைத்திருக்கிறோம். இரண்டு தெரு தள்ளிப் போய் அதைத் தூக்கி வருவது என் வேலையாகிவிட்டது.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி