பூஜ்யத்தின் ராஜ்யம்

ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் ஒரு நாளை மொனாக்கோவின் மாண்டி கார்லோவுக்கென்று ஒதுக்கியிருக்கிறீர்களா? அங்குள்ள சூதாட்ட மாளிகையை அவசியம் பாருங்கள். ஆனால் கைப்பையை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்!

ரூலெட் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள். கூடவே ஒரு பூஜ்யம். கட்டிய எண் விழுந்தால் ஒன்றுக்கு 35 லாபம். தாராளம்தான்! ஆனால் 37 எண்களிலும் ஒவ்வொரு காசு வைத்துப் பாருங்கள். 36 தான் திரும்பும். மிச்சம் ஒன்றில்தான் மாளிகையின் பிழைப்பே நடக்கிறது.

1913 ஆகஸ்டு 18 அன்று, கறுப்பே தொடர்ந்து 26 முறை விழுந்தது. “அடுத்தது சிவப்புத்தான்” என்று கட்டியவர்கள் லட்சக்கணக்கான பிராங்குகளை இழந்தார்கள். சக்கரத்துக்கு ஞாபகம் ஏது?

மொனாக்கோ குடிமக்கள் மட்டும் அங்கே ஆடக்கூடாது என்பது சட்டம். வீட்டுக்காரரே கை நனைக்காத விருந்தில் நமக்கு என்ன வேலை, சொல்லுங்கள்!